ஓய்வு யாருக்கு?

மாதக் கடைசி நாள் மாலையில் ஆர்.எஸ்.புரத்து வீதிகளில் நடப்பவர்கள் ஏதேனும் ஒரு மண்டபத்தின் வாயிலில் வாழைமரம் கட்டியிருக்கக் காண்பார்கள். முகூர்த்த நாளாயிராது, காதுகுத்தோ சீரோ இராது. வாயிலில் நிறுத்திய பதாகையில் ஒருவர் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நிற்பார். ‘பணி நிறைவுப் பாராட்டு விழா’ என்று கீழே பொன்னிற எழுத்தில் இருக்கும். மே 31 என்றால் மண்டபம் கிடைப்பதே அரிது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வந்த தந்தைக்குப் பிறந்த தேதி தெரியாதபோது, மே என்றோ ஜூன் முதல் நாள் என்றோ தாமே ஒன்றை எழுதிக்கொண்ட அந்தக் காலத்துத் தலைமையாசிரியர்களின் கைவண்ணம், அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஒரே நாளில் இத்தனை பேரை வீட்டுக்கு அனுப்புகிறது.

சில மாதங்களுக்குமுன் அத்தகைய விழா ஒன்றுக்கு நாமும் போயிருந்தோம். போனது மட்டுமன்று, மேடையேறிப் பேசவும் செய்தோம். ஆகையால் இனி எழுதப்போகும் குற்றச்சாட்டில் நமக்கும் பங்குண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். விழா நாயகர் அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்துநான்கு ஆண்டுகள் பணியாற்றியவர், கைசுத்தமானவர், நம் பங்கைச் சேர்ந்தவர். காலையில் நன்றித் திருப்பலி. மாலையில் செண்டை மேளத்தோடு மண்டபத்துக்கு அழைத்து வந்தார்கள். பொன்னாடைகளை எண்ணத் தொடங்கி, நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டோம். அத்தனை சால்வைகளும் பின்னால் என்ன ஆகின்றன என்பது நமக்கு இன்றுவரை விளங்காத ஒன்று. ஒரே சால்வை மூன்று விழாக்களில் மூன்று தோள்களில் ஏறியதாக ஐயுறுகிறோம்.

பேசியவர்கள் எல்லாரும் நன்றாகவே பேசினார்கள். ஒருவர் மறைந்த பின் சொல்ல வேண்டியவற்றை அவர் கேட்கும்படி சொல்வது நல்ல வழக்கந்தான். இறுதியில் அவர் துணைவியாரை மேடைக்கு அழைத்தார்கள். ‘இவர் இவ்வளவு உயர்ந்ததற்கு இந்தத் தாயே காரணம்’ என்றார் ஒருவர். ஒரு பட்டுப்புடவையைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். அந்த அம்மையார் நாற்காலியின் விளிம்பில் அமர்ந்துகொண்டு, பந்தி நடக்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் பந்திக்குச் சாம்பார் போதுமோ போதாதோ என்ற கவலை அவர் முகத்தில் எழுதியிருந்தது. அவரைப் பேசச் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒலிபெருக்கியை அவ்வேளை கையில் வைத்திருந்த நமக்கும் தோன்றவில்லை.

விடைபெறும்போது, “அம்மா, நாளை முதல் உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு” என்று நாகரிகத்துக்காகச் சொல்லி வைத்தோம்.

“எனக்கெதுங்க ஓய்வு? இத்தனை நாளா காலையில ஒருக்கா டிபன் கட்டிக் குடுத்துட்டா சாயந்திரம் வரைக்கும் கவலையில்லீங்க. இனி மூணு வேளையும் சூடாக் கேப்பாருங்க” என்று சொல்லிச் சிரித்தார்.

நாமும் சிரித்தோம். வீடு வந்து சேர்ந்த பின்புதான் அது சுட்டது. ஓய்வு பெறுவதை நாம் கொண்டாடும் முறையும், ஓய்வின் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளை நாம் செலவழிக்கும் முறையும், ஓய்வே பெறாத ஒருத்தியின் தோள்மீது நிற்கின்றன. அதைத்தான் இங்குச் சொல்ல விரும்புகிறோம்.

உழைத்தவருக்கு ஓய்வு உரியதென்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1889-இல் முதியோர் ஓய்வூதியச் சட்டத்தைக் கொணர்ந்தபோது வயது எல்லை 70. அதுவரை பிழைத்திருப்பவர் எத்தனை பேர் என்று அந்நாளிலேயே சிலர் சிரித்திருக்கக்கூடும். நம் மாநிலத்தில் அரசு ஊழியர் ஓய்வு பெறும் வயது 55 ஆக இருந்து, 58 ஆகி, 2020 மே மாதத்தில் 59 ஆகி, 2021 பிப்ரவரியில் 60 ஆயிற்று. டி.எஸ்.நகரா என்பவர் தொடுத்த வழக்கில் 1982 டிசம்பர் 17 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பை ஓய்வூதியர் சங்கங்கள் இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றன. ஓய்வூதியம் அரசு மனமிரங்கிக் கொடுக்கும் கொடையன்று, முன்பு செய்த உழைப்பின்பேரில் எழும் உரிமை என்பது அத்தீர்ப்பின் சாரம். மிக நல்ல தீர்ப்பு. முன்பு செய்த உழைப்பு என்கிறார்களே, அந்த முப்பத்துநான்கு ஆண்டுகளும் விடியுமுன் எழுந்து பெட்டியில் சோறு கட்டிய உழைப்பு எந்தக் கணக்கில் சேர்ந்தது என்று கேட்கும் வழக்கு இன்னும் தொடுக்கப்படவில்லை.

ஓய்வைப் பற்றித் திருமறை சொல்வதை நாம் ஞாயிறுதோறும் கேட்கிறோம். இணைச் சட்ட நூலின் ஐந்தாம் அதிகாரத்தில் ஓய்வுநாள் யார் யாருக்கு உரியதென்று ஒரு பட்டியல் இருக்கிறது. நீ, உன் மகன், உன் மகள், அடிமை, அடிமைப்பெண், மாடு, கழுதை, ஏனைய கால்நடை, உன் ஊரில் தங்கியிருக்கும் அந்நியன் என அது விரிகிறது. வேலைக்காரரும் உன்னைப்போல் ஓய்வு பெறவேண்டும் என்று காரணமும் கூறப்படுகிறது. தனித்து ஓய்வெடுப்பது அங்கே ஓய்வாகவே கருதப்படவில்லை. கவனித்துப் படித்தால் ஒன்று புலனாகும்: அப்பட்டியலில் கழுதை இருக்கிறது, மனைவி இல்லை! ‘நீ’ என்ற சொல்லிலேயே அவளும் அடங்கிவிடுகிறாள் என்பது அறிஞர் கூறும் விளக்கம். நாம் அதை ஏற்கிறோம். ஆனால் நம் வீடுகளில் அந்த ‘நீ’ ஆணோடு நின்றுவிட்டதே, அதற்கு யாரிடம் விளக்கம் கேட்பது?

இது நம் கற்பனையன்று என்பதற்கு அரசின் கணக்கே சான்று. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடெங்கும் மக்கள் தங்கள் பொழுதை எவ்வாறு செலவிடுகிறார்கள் என்று ஆய்ந்தது. ஊதியமில்லாத வீட்டுவேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட, ஆண்கள் 97 நிமிடம் செலவிடுவதாக அதில் கண்டார்கள். அந்த 97-ஐப் பார்த்து ஆறுதல் கொள்ளவேண்டாம். அது ஏதேனும் வீட்டுவேலை செய்த ஆண்களின் சராசரி மட்டுமே. அப்படிச் செய்தவர் நூற்றுக்கு 26 பேர். மற்றவர்கள் காப்பியை ஆற்றிக் குடித்ததோடு சரி.

ஓய்வின் முதல் ஆண்டு ஆர்.எஸ்.புரத்தில் எப்படிக் கழிகிறது என்பதை நாம் அறிவோம். சிறுவாணித் தண்ணீரைக் கோவைக்குக் கொண்டுவந்த இரத்தினசபாபதி முதலியாரின் பெயர் தாங்கிய இந்தப் பகுதி, ஓய்வு பெற்றவர்களுக்கென்றே அமைத்தாற்போல நேரான வீதிகளும் மர நிழலும் உடையது. விடியற்காலையில் லாலி ரோட்டுப் பக்கம் தாவரவியல் பூங்காவில் நடை. திரும்பும் வழியில் டி.பி. சாலையில் நண்பர்களோடு ஒரு காப்பி. இந்தக் காப்பிக்கு வீட்டுக் காப்பியில் கழிவு கிடையாது. எட்டு மணிக்குச் செய்தித்தாள். ஒன்பது மணிக்கு, “ஏம்மா, இன்னும் ஆகலையா?” அலுவலகத்தில் கோப்புகளைப் புரட்டிய கண்களுக்கு வேறு வேலையில்லாததால், அவை இப்போது மளிகைச் சீட்டைப் புரட்டுகின்றன. எண்ணெய் ஏன் இவ்வளவு ஆயிற்று? குளிர்பெட்டியில் பழைய குழம்பு ஏன் இருக்கிறது? முப்பத்துநான்கு ஆண்டுகளாகத் தான் ஒருத்தியாய் நடத்திய வீட்டுக்குத் திடீரென்று ஒரு மேலதிகாரி வந்து சேர்ந்துவிட்டார். பதினொரு மணிக்கு அவரைப் பார்க்க இரண்டு பேர் வருவார்கள். மறுபடி அடுப்புப் பற்றும்.

இதில் தீய எண்ணம் எதுவும் இல்லை என்று நாம் சத்தியம் செய்வோம். மனிதர் தம் வீட்டில் இருக்க ஆசைப்படுகிறார். அந்த வீட்டில் இருப்பது எப்படி என்பதை அவருக்கு யாரும் கற்றுத்தந்ததில்லை. நூறு பேர் கூடிய மேடையில் அதை ஒருவராவது சொல்லியிருக்கலாம். நாம் சால்வை போர்த்தினோம்.

அடுத்துப் பணம். இதைச் சற்று விரிவாகவே பேசவேண்டும், ஏனெனில் இங்கேதான் கண்ணீர் அதிகம். ஊதியத்தை மாதந்தோறும் எண்ணிச் செலவழித்த குடும்பத்தில், ஓய்வு பெற்ற சில மாதங்களுக்குள் பணிக்கொடை, வைப்பு நிதி, விடுப்புக்கு ஈடான ஊதியம் என எல்லாம் ஒன்றாக வந்து சேர்கின்றன. ஓய்வூதியத்தின் மூன்றிலொரு பங்கை முன்கூட்டியே தொகுத்து வாங்கிக்கொள்ளும் வழியும் உண்டு. அப்படி விட்டுக்கொடுத்த பங்கு மாத ஓய்வூதியத்தில் மீண்டும் சேர 15 ஆண்டுகள் ஆகும். வாழ்நாளில் முதன்முறையாக இலட்சங்களை ஒருசேரக் கண்ட கை சும்மா இராது. மண்டபத்துக்கு ஒரு பகுதி, விருந்துக்கு ஒரு பகுதி. வீட்டு முகப்புக்கு ஒரு பகுதி, மாப்பிள்ளையின் தொழிலுக்கு ஒரு பகுதி. ஓய்வும் மணிவிழாவும் ஒரே வயதில் வருமாறு அமைந்துவிட்டதால், 2021-க்குப்பின் நம் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இரண்டு விழாக்களை அடுத்தடுத்து எடுக்கும் வழக்கம் தலைகாட்டுகிறது. மொய் எழுதியவர்களுக்குத் திரும்ப எழுதவேண்டிய கணக்கு வேறு.

மீதிப் பணத்தைத் தேடிக்கொண்டு ஆசை காட்டுவோர் வருவார்கள். கொங்கு நாடு இதை இருமுறை பெரிய அளவில் கண்டது. அந்நியச் செலாவணி வணிகம் என்று சொல்லித் திருப்பூரில் ‘பாசி’ என்ற நிறுவனம் 2008, 2009 ஆண்டுகளில் ஏறத்தாழ 930 கோடி ரூபாயைத் திரட்டியது. அதன் வழக்கு 2022 ஆகஸ்டில்தான் கோவைச் சிறப்பு நீதிமன்றத்தில் முடிந்து, இருவருக்கு 27 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. நடுவே 2012-இல் பெருந்துறைப் பக்கத்து ஈமுக்கோழிப் பண்ணைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தன. பறக்கத் தெரியாத அந்தப் பறவை பலருடைய சேமிப்போடு பறந்துபோயிற்று. ஏமாந்தவர்களில் படித்தவர்களும் ஓய்வு பெற்றவர்களும் இருந்தார்கள். அவ்வீடுகளில் எத்தனையில், பணம் போடுமுன் மனைவியைக் கேட்டிருப்பார்கள்? இரண்டு ரூபாய் கறிவேப்பிலைக்குப் பேரம் பேசும் ஒருத்தி, ஒரு கோழிக்கு மாதச் சம்பளம் தருவதாக ஒருவன் சொன்னால், ‘எதுக்குங்க தருவான்?’ என்று கேட்காமல் விட்டிருப்பாளா?

நம் பங்கில் நடந்ததையும் சொல்லவேண்டும். பெயர் வேண்டாம். சிறப்பாக விழா எடுத்து ஓய்வு பெற்ற ஒருவர், பதினான்காம் மாதத்தில் ஒரு விடியற்காலையில் மாரடைப்பால் இறந்துபோனார். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்தபின் அவர் துணைவியார் ஒரு துணிப்பையோடு நம்மைத் தேடி வந்தார். பையில் காகிதங்கள். எது ஓய்வூதிய ஆணை, எது காப்பீட்டுப் பத்திரம், எது பத்தாண்டுக்கு முந்தைய மின்கட்டண இரசீது என்று அவருக்குத் தெரியவில்லை. வங்கிக் கணக்கு கணவர் பெயரில் தனித்து இருந்தது. நண்பர் ஒருவருக்குக் கைமாற்றாகக் கொடுத்த பெருந்தொகைக்கு எழுத்தே இல்லை. குடும்ப ஓய்வூதியம் என்று ஒன்று உண்டு என்பதும், தொடக்கச் சில ஆண்டுகள் அது கூடுதலாகக் கிடைத்து, பின்பு கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடாகக் குறையும் என்பதும் அன்றுதான் அவர் காதில் விழுந்தன. “அவரு எல்லாத்தையும் பாத்துக்குவாருங்க, நான் கேட்டதேயில்லை” என்றார். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர். மறைக்கல்வியில் இருபது ஆண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். அவருக்கு விளங்காத காகிதம் எதுவும் அந்தப் பையில் இல்லை. யாரும் அவரிடம் காட்டவில்லை, அவ்வளவே.

வேலைக்குப் போன பெண்களுக்கு இந்நிலை இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். ஆசிரியையாகவோ செவிலியாகவோ இருந்து ஓய்வு பெறும் நம் சகோதரிகளுக்கும் விழா எடுக்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். அடுத்த திங்களன்று அவ்வீட்டில் நடப்பதைக் கேளுங்கள். “இனி நீதான் வீட்டிலேயே இருக்கிறாயே, வேலைக்கு ஆள் எதற்கு?” என்று, பல ஆண்டுகள் பாத்திரம் தேய்த்த பெண்ணை நிறுத்திவிடுகிறார்கள். ஓய்வு பெற்றவள் இரட்டை வேலைக்குத் திரும்புகிறாள். நிறுத்தப்பட்டவளுக்கோ பணிக்கொடையுமில்லை, மாலையுமில்லை, கொண்டுவிட வண்டியுமில்லை. வேலாண்டிபாளையத்திலோ செல்வபுரத்திலோ இருந்து காலை ஆறரைக்கு நடந்து வந்தவள் அவள். அவள் வீட்டில் ஓர் ஓய்வு பெற்றவர் இருக்கவும் கூடும்: பஞ்சாலையில் நூற்பு ஓட்டிய மாமனார். கோவையின் பெருமையெல்லாம் யாருடைய நுரையீரலில் பஞ்சாகப் படிந்ததோ அவர்களில் ஒருவர். தொழிலாளர் வைப்பு நிதி ஓய்வூதியத்தின் குறைந்த அளவை 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் என வகுத்தார்கள். பத்தாண்டு கடந்தும் அந்தத் தொகை அசையவில்லை. ஓய்வூதியமே இல்லாத முதியோருக்குத் தமிழக அரசு தரும் உதவித்தொகை 2023-இல் 1,200 ரூபாய் ஆயிற்று. நாம் சென்ற விழாவில் ஒரு சந்தன மாலைக்கு என்ன விலை என்று விசாரித்தோம்; அதை இங்கே எழுதக் கூசுகிறது.

பிள்ளைகள் வெளிநாட்டிலோ பெங்களூரிலோ இருந்தால் கதை வேறு வகையில் தொடர்கிறது. ஓய்வு பெற்ற ஆறாம் மாதம் மகளுக்கோ மருமகளுக்கோ பேறுகாலம். இருவரும் விமானம் ஏறுகிறார்கள். அவர் அங்கே அருவிகளையும் அருங்காட்சியகங்களையும் கண்டு படம் எடுத்து அனுப்புகிறார். அந்தப் படங்களில் அம்மிச்சி அநேகமாக இருப்பதில்லை. பேரனுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பாள். பேரப்பிள்ளையைத் தூக்குவது சுமையா என்று கேட்பவர்களுக்கு, சுமையன்று என்றே விடை சொல்வோம். ஆனால் அந்தச் சுகத்தில் அப்பச்சிக்கும் பங்கு கொடுங்களேன். இரவு இரண்டு மணிக்குக் குழந்தை அழும்போது அவர் எழுந்து பார்க்கட்டும்.

திருச்சபைக்குள்ளும் இது வேறாக இல்லை. ஓய்வு பெற்றதும் நம்மில் பலர் கோவிலுக்கு நெருங்கி வருகிறோம். பங்குப் பேரவை, அன்பியம், திருவிழாக் குழு என்று பொறுப்பேற்கிறோம். நல்லது. ஆனால் நாம் விரும்பி ஏற்பது நாற்காலி உள்ள பொறுப்புகளையே. பீடத் துணி துவைப்பதற்கும் பூக்கட்டுவதற்கும் அதே அறுபது வயதுப் பெண்கள் வருகிறார்கள், வீட்டில் சமையலை முடித்துவிட்டு. எண்ணிக்கை நூலின் எட்டாம் அதிகாரத்தில் லேவியர் ஐம்பது வயதில் திருப்பணியினின்று விலகவேண்டும் என்று விதியிருக்கிறது. விலகிய பின் தம் சகோதரர்க்குக் காவற்பணியில் துணைநிற்கலாம், பணியைத் தாமே நடத்தக்கூடாது என்கிறது அந்த விதி. தலைமையிலிருந்து துணைமைக்கு இறங்குவது அங்கே ஓய்வு எனப்பட்டது. நாம் அலுவலகத்தில் விட்ட தலைமையைக் கோவிலில் தேடுகிறோம்.

திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2013 பிப்ரவரி 28 இரவு 8 மணிக்குப் பதவியிலிருந்து விலகினார். தாம் இனி வெறும் திருப்பயணி என்ற பொருளில் சில சொற்கள் பேசிவிட்டுச் சன்னலைவிட்டு உள்ளே போனார். 2022 டிசம்பர் 31 அன்று இறக்கும்வரை பெரும்பாலும் அமைதியாகவே வாழ்ந்தார். அந்த எளிமையை நாம் எல்லாரும் வியந்தோம். அவருடைய வீட்டைக் கவனித்துக்கொள்ளவும் அர்ப்பண வாழ்வு வாழ்ந்த பெண்கள் நால்வர் இருந்தனர் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

‘இது மேல்நாட்டு வாதம், நம் பண்பாட்டில் இல்லாதது’ என்று ஒரு நண்பர் நம்மிடம் சொன்னார். நம் பண்பாட்டைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கற்பியலில், இன்ப வாழ்வு நிறைவுற்ற கடைக்காலத்தைப் பற்றி ஒரு நூற்பா இருக்கிறது. மக்களோடு கூடி, அறம் செய்யும் சுற்றத்தோடு, தலைவனும் தலைவியும் மேலானவற்றைப் பயில்வதே அதுவரை வாழ்ந்த வாழ்வின் பயன் என்பது அதன் கருத்து. ஒருவர் பயில மற்றவர் பரிமாறவேண்டும் என்று அதில் இல்லை. இருவரையும் சேர்த்தே சொல்கிறது அந்த நூற்பா. பயிலுதல் என்ற சொல்லையும் நோக்குங்கள். அறுபது வயதில் புதிதாய் ஒன்றைக் கற்பது நம் மரபுக்கு இழுக்காகத் தோன்றவில்லை. அது சமையலாக இருந்தால்தான் என்ன?

இன்னொரு நண்பர் சொன்னதில் உண்மை இருக்கிறது. “அவளே என்னைச் சமையலறைக்குள் விடுவதில்லை” என்றார். உண்மை, விடமாட்டார்கள். அந்த ஓர் அறைதான் அவர்களுக்கென்று இருந்த ஆட்சி. அதையும் பிடுங்கிக்கொள்ள வருகிறாரோ என்ற ஐயம் இயல்பு. ஆனால் மேலதிகாரியாக நுழைவது வேறு, கையாளாக நுழைவது வேறு. வெங்காயம் உரிக்கக் கேட்டுப் போனவரை எந்த வீட்டிலும் விரட்டியதாக நாம் கேள்விப்படவில்லை. நாமே போய்ப் பார்த்தோம், விரட்டவில்லை. உரித்த வெங்காயத்தின் அளவைக் கண்டு சிரித்தார்கள், அது வேறு.

ஆகவே விழா எடுப்பவர்களிடம் சிலவற்றைக் கேட்கிறோம். நன்றித் திருப்பலியின் கருத்தை அறிவிக்கும்போது இருவர் பெயரையும் வாசிக்கும்படி பங்குத் தந்தையரிடம் சொல்லுங்கள்; முப்பத்துநான்கு ஆண்டுப் பணி இருவருடையது. மண்டபத்துக்குப் போகும் தொகையில் ஒரு பகுதியை வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் பெயரில் அஞ்சலகத்தில் போடுங்கள். அவளை நிறுத்துவதாயிருந்தால் கட்டாயம் போடுங்கள். ஓய்வு பெறும் மாதத்திலேயே கணக்கை இருவர் பெயருக்கும் மாற்றி, காகிதங்களை ஒருநாள் உட்கார்ந்து விரித்துக் காட்டுங்கள். எந்த முதலீட்டுக்கும் அவர் கையொப்பமும் இருக்கட்டும். கேள்வி கேட்டால் எரிச்சலடையாமல் விடை சொல்லுங்கள். விடை சொல்ல முடியவில்லையென்றால் அந்த முதலீட்டை விட்டுவிடுங்கள். மேடையில் துணைவியாருக்குப் புடவை தருவது உங்கள் விருப்பம். ஒலிபெருக்கியை அவர் கையில் தரும்வரை அடுத்த விழாக்களில் நாம் பேசுவதாக இல்லை. அழைப்பிதழ் கொண்டுவருபவர்கள் இதைக் கருத்திற்கொள்ள வேண்டுகிறோம். இதற்குள் இருவர் மனத்தாங்கல் கொண்டுவிட்டார்கள், ஒருவர் ஒப்புக்கொண்டார். அவர் விழாவில் அந்த அம்மையார் நான்கு நிமிடம் பேசினார். பணியில் சேர்ந்த முதல் மாதம் சம்பளம் வராமல் நகையை அடகு வைத்த கதை. அது கணவரின் அலுவலக நண்பர்கள் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

சென்ற வாரம் காலை ஆறு மணிக்கு டி.வி. சாமி சாலை உழவர் சந்தைக்குப் போயிருந்தோம். நாம் தொடக்கத்தில் சொன்ன அந்த விழா நாயகர் கீரைக்காரியின் முன் குந்தியிருந்தார். தண்டுக்கீரையைக் கையில் வைத்துக்கொண்டு அரைக்கீரை என்ன விலை என்று கேட்டுக்கொண்டிருந்தார். “இது அரைக்கீரை இல்லீங்க சாமி” என்று அந்த அம்மாள் இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். போன வாரமும் மாற்றித்தான் வாங்கிப் போனாராம். பை பிடிக்க ஆள் துணைக்கு இல்லையா என்று கேட்டோம். “அவ இன்னும் எழுந்திரிக்கலைங்க. எழுப்பாம வந்துட்டேன்” என்றார்.